முகத்தை விட்டுவையுங்கள்: கல்யாணப் படக்காரர்களுக்கும் ஆல்பம் டிசைனர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கல்யாணம் எடுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், இப்போது இந்தத் தொழிலுக்கு நிறையவே வந்திருக்கும் தங்கைகளுக்கும், ராத்திரி கண்விழித்து ஆல்பம் போடும் டிசைனர்களுக்கும் வணக்கம்.

நான் ரீடச்சர். நீங்கள் எடுத்து அனுப்பும் படங்களில் முகத்தைச் சரிசெய்து தருவதுதான் என் வேலை. எனக்குச் சோறு போடுவதும் அதுதான். அதனால் ரீடச்சே கூடாது, எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மூக்கு நுனியில் கிளம்பிய பருவை அந்தப் பெண் நாற்பது வருஷம் ஆல்பத்தில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதை எடுப்பது நியாயம்தான். நான் எழுத வந்தது வேறு. நம் ஊர் ஆல்பங்களில் தோலே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. தோலின் நிறமும் கூடவே போகிறது. கடைசியில் ஆல்பம் ஷீட்டில் இருப்பது அந்த வீட்டு ஆட்கள் இல்லை, அவர்களைப் போன்ற யாரோ. இதை நாம் நிறுத்த முடியும், நம்மால் மட்டும்தான் முடியும் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நிறத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் பெரிய விஷயம்.

படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) ஏற்றி, ஆரஞ்சு சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) இறக்குவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. விலைக்கு வரும் வெட்டிங் பிரீசெட்கள் (ஒரே கிளிக்கில் போடும் தயார் அமைப்புகள்) பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் இதுதான். மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது ஆரஞ்சு வரிசையில்தான் வரும். நல்ல கறுப்பு என்று நாம் சொல்லும் தோலும் இருண்ட ஆரஞ்சுதான். அதனால்தான் அந்த ஸ்லைடரைத் தள்ளியதும் முகம் வெளுக்கிறது. சரி, கல்யாண மேடையில் அந்த வரிசையில் வேறு என்னவெல்லாம் இருக்கின்றன? ஆரமும் ஒட்டியாணமும் நெத்திச்சுட்டியும் இருக்கின்றன. குத்துவிளக்கு, பட்டின் ஜரிகை, கையிலிருக்கும் மருதாணி, ஓமத்து நெருப்பு எல்லாமே இருக்கின்றன. முகத்தோடு சேர்ந்து அத்தனையும் வெளுக்கும். இருபது பவுன் போட்டு உட்காரவைத்த பெண்ணின் கழுத்தில் தங்கம் கவரிங் நகையாகிறது. நெருப்புக்குச் சூடு போய்விடுகிறது. மருதாணி நன்றாகச் சிவந்ததே என்று கல்யாணத்தன்று ஊரே பார்த்த கை, ஆல்பத்தில் பழுப்பாக வருகிறது.

நலங்குப் படங்களில் நடப்பது இன்னும் மோசம். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் பூசுகிறார்கள். கன்னத்தில் ஒரு பக்கம் திட்டாக, தாடையில் விரல் பட்ட தடமாக, காதோரம் வழிந்து காய்ந்து போயிருக்கும். அந்தச் சடங்கின் மொத்தப் படமும் அந்த மஞ்சள்தான். நம் ஆள் அதை 'கலர் காஸ்ட்' (விளக்கால் படம் முழுக்கப் படிந்த நிறம்) என்று நினைத்து ஒயிட் பேலன்ஸைத் திருப்பி, மஞ்சள் சாச்சுரேஷனையும் குறைத்து, கழுவிவிட்ட முகமாக்கி அனுப்புகிறார். அத்தை பூசிய மஞ்சளை எடுக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

படம் முழுவதையும் மாற்றாமல் மாஸ்க் போட்டு முகத்தை மட்டும் வெளுக்கிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கவனமாகச் செய்பவர்கள் என்று அவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதில் வேறு சிக்கல். மாலை மாற்றும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அவருடைய இரண்டு கைகளும் மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கும். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். காது மடல் கையின் நிறத்திலேயே நிற்கும், ஏனென்றால் மாஸ்க் காதுவரை போகாது. கழுத்தில் கோடு விழும். ஆல்பத்தைப் புரட்டுபவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

வாடிக்கையாளர்தான் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்கிறார்கள், எனக்கும் தெரியும். "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று என்னிடமே போனில் சொல்வார்கள். அப்போது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எது பிடிக்கவில்லை என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வது முகம் டல்லாக இருக்கிறது, கண் தெரியவில்லை, ஆள் களைப்பாகத் தெரிகிறார் என்பதுதான். அவர்கள் கேட்பது வெளிச்சம். அது படம் எடுக்கும்போது கிடைத்திருக்க வேண்டியது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் ஜரிகை மின்னும் பட்டு, பின்னால் எல்இடி சுவர். கேமராவின் மீட்டர் ஃபிரேமுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இவ்வளவு வெள்ளையைக் கண்டால் எக்ஸ்போஷரை இறக்கிவிடும். கறுப்பாக இருக்கும் மாப்பிள்ளையின் முகம் அவருடைய உண்மையான நிறத்தையும் விட இரண்டு படி இருட்டாகப் பதிவாகும். எடிட்டில் அதைத் தூக்கினால் இருட்டில் ஒளிந்திருந்த நாய்ஸ் என்னும் புள்ளிக் குப்பை வெளியே வரும், கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள் வரும். அந்தத் திட்டை மறைக்க ஸ்மூத் போடுவோம். ஸ்மூத் போட்டதும் முகம் தட்டையாகிவிடும். தட்டையானது தெரியாமலிருக்கக் கான்ட்ராஸ்ட் ஏற்றி, கண்ணையும் பல்லையும் வெளுப்போம். முதல் படியில் ஷட்டர் அமுக்கும்போது விட்டதை ஒட்டுப்போட ஐந்து படி ஏறி, கடைசியில் பொம்மையில் வந்து நிற்கிறோம். என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

அதனால் எக்ஸ்போஷரை முகத்துக்கு வையுங்கள். வேட்டியின் மடிப்பு தெரிகிற எல்லைவரை தாராளமாக ஏற்றலாம், இன்றைய கேமராக்களின் ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலக்கோப்பு) அதைத் தாங்கும். கேமராவின் மேலேயே உட்கார்ந்து நேராக அடிக்கும் ஃப்ளாஷை விட்டு, பக்கவாட்டில் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸோ குடையோ வைத்துப் பாருங்கள். கறுத்த தோலின் அழகு அதன் மேல் விழுந்து திரும்பும் ஒளியில்தான் இருக்கிறது. வெளிர் தோலில் வடிவத்தை நிழல் காட்டும் என்றால், கறுத்த தோலில் அந்த வேலையைச் செய்வது பளபளப்பு. நெற்றி மேட்டில், கன்னத்து எலும்பில், மூக்குத் தண்டில், கீழுதட்டில் அகலமான மெதுவான ஒளி விழுந்தால் முகம் செதுக்கியது போல எழுந்து நிற்கும். சின்ன ஃப்ளாஷ் நேராக அடித்தால் அதே இடங்களில் வெள்ளைப் புள்ளிகளாக எரிந்துபோகும். தோல் ஒன்றேதான், விளக்குதான் வேறு. ரிசப்ஷன் மேடையில் ஊதாவும் நீலமுமாகச் சுழலும் டெக்கரேஷன் விளக்குகளையும், சிவப்பே சரியாக இல்லாத மலிவு எல்இடிகளையும் கொஞ்சம் இறக்கச் சொல்லி மண்டபத்துக்காரரிடம் பேசுவதும் உங்கள் வேலையில் சேர்த்திதான். நம் தோலுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சிவப்பு. விளக்கில் இல்லாததை என்னாலும் பிறகு கொண்டுவர முடியாது.

இந்த நிறச் சிக்கல் நம்மோடு தொடங்கியதும் இல்லை. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிவந்த அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று உலகம் முழுக்கக் கணக்கு. கறுத்த தோலில் விவரம் செத்துப்போவதைப் பற்றிப் பல காலம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மர நாற்காலி மேசைக்காரர்களும் சாக்லேட் நிறுவனங்களும் தங்கள் பழுப்பு சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகு ஃபிலிம் கொஞ்சம் திருந்தியது என்பது அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். இங்கே 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009-இல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. கிரீம் விற்பவர்களே பெயரை மாற்றிக்கொண்ட பிறகும் நம் பிரீசெட் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அடுத்தது தோலின் பரப்பு.

தோல் என்று நம் கண் அடையாளம் காண்பது மிகச் சின்ன மேடு பள்ளங்களை. ஒவ்வொரு நுண்துளைக்கும் ஒரு துளி வெளிச்சமும் ஒரு துளி நிழலும் உண்டு. கன்னத்தில் பூனைமுடி இருக்கும். உதட்டோரம், கண்ணோரம் கோடுகள் இருக்கும். ஸ்மூத் என்று நாம் போடும் பிளர் அந்த வெளிச்சத்தையும் நிழலையும் சராசரியாக்கிவிடுகிறது. சராசரியானதும் அது தோல் இல்லை, பெயின்ட் அடித்த பரப்பு. ஒரு முகம் பிளாஸ்டிக்காகத் தெரிவதற்குக் காரணம் பரு போனது இல்லை, பருவைச் சுற்றியிருந்த நல்ல தோலும் சேர்ந்து போனதுதான்.

நெற்றியில் மூன்று விரலால் இழுத்த விபூதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரல் பட்ட இடத்தில் அடர்த்தியாகவும், ஓரத்தில் உதிர்ந்தும், வியர்வை பட்ட இடத்தில் மறைந்தும் இருக்கும். நடுவில் குங்குமம் கொஞ்சம் கீழே சிந்தியிருக்கும். ஸ்மூத் போட்டதும் அது மூன்று வெள்ளைப் பட்டையாகிவிடுகிறது, குங்குமத்தின் ஓரம் கசிந்து நெற்றியில் இளஞ்சிவப்பு வட்டம் விழுகிறது. ஆண்களின் சவரம் செய்த தாடை நீலச் சாம்பல் மெழுகாகிறது. மருதாணியின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று கரைகின்றன. முன்நெற்றியில் சுருண்டு நிற்கும் சின்ன முடிகள் அரைகுறையாக அழிந்து, தலைமுடி ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஏஐ வந்த பிறகு இது இன்னும் வேகமாக நடக்கிறது. ஃபோட்டோஷாப்பிலேயே 2020 முதல் ஸ்கின் ஸ்மூத்திங்குக்கு நியூரல் ஃபில்டர் இருக்கிறது. ஆயிரம் படத்தை மொத்தமாகப் போட்டு எடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவை தாமாகவே முகத்தைக் கண்டுபிடிக்கும். ஃபிரேமில் இருக்கும் எல்லா முகத்தையும் கண்டுபிடிக்கும் என்பதுதான் வினை. மணப்பெண்ணுக்காகத் தள்ளிய ஸ்லைடர் பக்கத்தில் நிற்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் போடுகிறது, மடியில் இருக்கும் ஆறு மாதக் குழந்தைக்கும் போடுகிறது. குழந்தையின் தோலில் எதை ஸ்மூத் செய்கிறோம், சொல்லுங்கள்.

கருவிகளைக் குறை சொல்லவில்லை. 2002-இல் ஃபோட்டோஷாப் 7 வந்தபோது அதில் ஹீலிங் பிரஷ் வந்தது. இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய உதவி இதுவரை வரவில்லை என்பது என் கருத்து. அது பக்கத்துத் தோலின் பரப்பை எடுத்து, பூச வேண்டிய இடத்தின் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒத்துவரும்படி உட்காரவைக்கும். தோலைத் தோலால் சரிசெய்வது என்றால் அதுதான். படத்தின் மேலே ஒரு காலி லேயர் (கண்ணாடித்தாள் போன்ற தனி அடுக்கு), நூறு சதவீதம் ஜூம், பருவை விடக் கொஞ்சம் பெரிய பிரஷ். ஒரு குளோசப்பில் இருக்கும் பருக்களை இப்படி எடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அவ்வளவுதான்.

கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையையும் பள்ளத்தையும் நான் முழுசாக எடுப்பதே இல்லை. தனி லேயரில் சரிசெய்துவிட்டு அந்த லேயரைப் பாதிக்கு இறக்கிவிடுவேன். கீழிமைக்கு ஒரு மடிப்பு உண்டு, அது இல்லாவிட்டால் கண் முகத்தில் ஒட்டாமல் மிதக்கும். சிரிக்கும் முகத்தில் அந்த மடிப்பை எடுத்தால் வாய் மட்டும் சிரிக்கும். எண்ணெய்ப் பளபளப்புக்கும் இதே கணக்கு. பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, டார்க்கன் மோடில் பதினைந்து இருபது சதவீதம் மட்டும் பூசினால் எரிந்த வெள்ளை அடங்கும், பளபளப்பு மிச்சமிருக்கும். ஓமப் புகைக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்த முகத்தில் கொஞ்சம் வியர்வை இருக்கட்டும், அதில் என்ன குறை?

திட்டுத் திட்டான நிழலுக்கு டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது இடம் பார்த்து வெளிச்சமும் நிழலும் கூட்டுவது, போதும். இரண்டு கர்வ்ஸ் லேயர், ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நிழலுக்கு. மாஸ்க் கறுப்பு, பிரஷ் ஃப்ளோ இரண்டு மூன்று சதவீதம். மெதுவான வேலை, பொறுமை வேண்டும், ஆனால் ஒரு துளை கூட அழியாது. ஃப்ரீக்வென்சி செபரேஷன் பலரும் பயன்படுத்துகிறீர்கள். நிறத்தை ஒரு லேயருக்கும் பரப்பை இன்னொரு லேயருக்கும் பிரிப்பது நல்ல யோசனைதான். பிரித்த பிறகு கீழ் லேயரைப் பெரிய லாசோவால் வளைத்து வளைத்துப் பிளர் பண்ணுவதில்தான் முகத்தின் வடிவமே போகிறது. துளைகள் அப்படியே இருக்கும், கன்னத்து எலும்பு இருக்காது. பார்க்க முகமூடி போலிருக்கும். இப்படிப் பிரிக்கும்போது கொடுக்கும் ரேடியஸ் எண்ணை, யூடியூபில் யாரோ சொன்னார் என்று எல்லாப் படத்துக்கும் ஒன்றாகப் போடாதீர்கள். ஃபிரேமில் முகம் எவ்வளவு பெரிதோ அதற்குத் தகுந்தபடி அது மாறும்.

வேலை முடிந்ததும் அப்படியே எக்ஸ்போர்ட் கொடுக்காமல் கொஞ்ச நேரம் எழுந்து போங்கள். ஒரே முகத்தை அரை மணி நேரம் பார்த்தால் கண் பழகிவிடும், எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியாது. திரும்பி வந்து லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஆளே மாறித் தெரிந்தால் லேயரின் ஒப்பாசிட்டியைக் குறையுங்கள். எனக்குப் பெரும்பாலும் அறுபது எழுபது சதவீதத்தில் வந்து நிற்கும்.

இனி, எதை எடுப்பது, எதை விடுவது. இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, பலருக்கும் தெரியும். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவது எதுவோ அதை எடுக்கலாம். பரு, சவர வெட்டு, கொசுக்கடி, தூக்கமில்லாத கண் வீக்கம், கல்யாணத்துக்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதும் மூக்கின் இரு பக்கமும் தெரியும் பள்ளம் எல்லாம் இதில் வரும். (அந்தக் கண்ணாடிப் பள்ளத்தை மட்டும் எனக்கு எடுக்க மனசு வராது, அது வேறு.) மச்சம், தழும்பு, பிறவி அடையாளம், வயதின் கோடு இவையெல்லாம் ஆளோடு இருப்பவை. அவற்றைத் தொடுவதற்கு அந்த ஆள் சொல்ல வேண்டும்.

நம் பள்ளிகளில் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும். வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. இவர்தான் அவர் என்று அரசாங்கமே அந்த மச்சத்தை வைத்துச் சொல்கிறது. நாம் அதை ஒரே கிளிக்கில் எடுத்துவிடுகிறோம். பெரியம்மைத் தழும்பு உள்ள முகங்கள் இன்னும் நம் குடும்பப் படங்களில் நிற்கின்றன. இந்தியாவில் அந்த நோய் 1975-இல் முடிந்தது, அதனால் அந்தத் தழும்பு உள்ளவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இனி வரும் தலைமுறையில் அப்படியொரு முகம் இருக்காது. அம்மாக்களின் மேல்கையில் அம்மை குத்திய வடுவும் அப்படித்தான். அவற்றைப் படத்திலிருந்து எடுக்க நாம் யார்?

வெண்புள்ளி உள்ளவர்களும் தீக்காயத் தழும்பு உள்ளவர்களும் மேடைக்கு வருவார்கள். இங்கே நான் விதி சொல்ல மாட்டேன். எடுத்துவிடுங்கள் என்று அவர்கள் கேட்டால் எடுத்துக்கொடுப்பேன், எந்தக் கேள்வியும் கேட்காமல். ஆனால் கேட்பவர் அந்த முகத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும். மாமியாரோ சித்தப்பாவோ பணம் கொடுப்பவரோ சொன்னால் போதாது. மணப்பெண்ணிடம் தனியாக, நாலு பேர் இல்லாத நேரத்தில், "இதை விடட்டுமா, எடுக்கட்டுமா" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். விடுங்கள் என்று சொல்பவர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

கல்யாண ஆல்பம் கல்யாணத்தோடு முடிவதில்லை என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் அப்பாவும் அம்மாவும் நல்ல உடை உடுத்தி, நல்ல வெளிச்சத்தில், நல்ல கேமராவுக்கு முன்னால் நிற்பது பிள்ளைகளின் கல்யாணத்தில்தான். பிறகு ஒருநாள் அந்தப் படத்திலிருந்துதான் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பார்கள், சட்டம் போட்டு மாலை போடுவார்கள். ஒரு மகன் என்னிடம் அப்படி ஒரு படத்தோடு வந்தார். தங்கை கல்யாணத்தில் எடுத்தது. அப்பாவின் இடது புருவத்தை இரண்டாக வெட்டிப்போகும் தழும்பு ஒன்று இருந்ததாம், சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது. ஆல்பத்தில் எந்தப் படத்திலும் அது இல்லை, புருவம் முழுசாக இருந்தது. எடுத்த ஸ்டூடியோ எது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, ரா ஃபைல்களை அழித்துவிட்டார்களாம். அவர் போனில் கிடந்த ஒரு மங்கலான படத்தைப் பார்த்து அந்தத் தழும்பை நான் திரும்ப வரைந்தேன். புருவ முடி எந்த இடத்தில் பிரிகிறது, தழும்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொண்டே இருந்தார். "ம், இப்பதான் அப்பா" என்றார். தழும்பை எடுக்கக் காசு வாங்கும் தொழிலில், தழும்பு வரையக் காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

நமக்கு முன்னால் இந்த வேலை செய்தவர்களும் முகத்தைத் தொட்டார்கள். நெகட்டிவின் மேல் ஒருவகை வார்னிஷ் தடவி, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துச் சுருக்கத்தையும் பருவையும் அடக்கினார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். அவர்களும் நிறத்தைக் கூட்டினார்கள், கையால் வண்ணம் பூசிக் கன்னத்தைச் சிவப்பாக்கினார்கள், அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு முகத்துக்கு அவர்கள் செலவிட்ட நேரத்தை எண்ணிப் பாருங்கள். கும்பகோணம் நல்லாப்பிள்ளை ஸ்டூடியோ போன்ற பழைய இடங்களின் படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து உருவப்படங்களைப் பார்த்தால் ஆள் ஆளாகவே இருப்பார். நம்முடைய இந்தப் பத்து வருஷ ஆல்பங்களை யாராவது பின்னால் சேர்த்து வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஒரே தோல் இருந்தது என்றல்லவா நினைப்பார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி, நாளைக்கு லேப்புக்குப் போக வேண்டும், முகூர்த்த மாதத்தில் தலைக்கு மேல் வேலை. கையால் செய்யச் சொன்னால் டிசைனர் என்ன செய்வார்? அதற்கும் கணக்கு இருக்கிறது. 12×36 அங்குல ஷீட்டில் முழுப்பக்கக் குளோசப் எத்தனை வரும்? ஒரு ஆல்பத்தில் கைவிரலில் எண்ணிவிடலாம். கையால் ரீடச் வேண்டியது அவற்றுக்கு மட்டும். பத்துப் பேர் முழு உருவமாக நிற்கும் குரூப் படத்தில் ஒரு முகம் பிரிண்டில் முக்கால் அங்குலம்கூட இருக்காது, 300 டிபிஐயில் இருநூறு பிக்சல் சொச்சம். அதில் பரு எங்கே தெரியப்போகிறது? அங்கே ஸ்மூத் போட்டால் தெரிவது மெழுகு மட்டும்தான். எந்தெந்தப் படங்களைத் தொடாமல் விடலாம் என்று டிசைனருக்குச் சொல்லிவிட்டாலே பாதி நேரம் மிச்சம். மிச்சமான நேரத்தை அந்தச் சில குளோசப்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் கூலியும் கொடுங்கள். கொட்டேஷனில் 'ஸ்கின் ரீடச்' என்று ஒரு வரி போட்டு, எத்தனை படம், என்ன செய்வோம், நிறத்தை மாற்ற மாட்டோம் என்று எழுதிவிட்டால் பிறகு பேச்சு வராது.

மேக்கப் செய்பவர்களுக்கும் இங்கேயே ஒன்று. தோலை விட இரண்டு ஷேட் வெளுப்பான ஃபவுண்டேஷன் போட்டால் மண்டபத்தில் எப்படியோ, ஃப்ளாஷ் அடித்ததும் முகம் சாம்பல் பூத்து, கழுத்து தனியாக நிற்கும். டைட்டானியம் டைஆக்சைடு உள்ள பவுடர்கள் ஃப்ளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். மேக்கப் முடிந்ததும் போட்டோகிராபரைக் கூப்பிட்டு ஒரு ஃப்ளாஷ் படம் எடுத்துப் பாருங்கள், சரிசெய்ய அப்போது நேரமிருக்கும்.

விளம்பரங்களில் மாடலின் உடல்வாகை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால் ரீடச் செய்த படம் என்று எழுத வேண்டும் என்று பிரான்சில் 2017 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து உடலின் வடிவம், அளவு, தோல் எதை மாற்றியிருந்தாலும் விளம்பரத்தில் அடையாளம் போட வேண்டும். கல்யாண ஆல்பம் விளம்பரம் இல்லை, அதற்கு அப்படிச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம் விளம்பரம்தான், கடை வாசலில் வைக்கும் போர்டும் விளம்பரம்தான். இடது பக்கம் கறுத்த பெண், வலது பக்கம் வெளுத்த பெண் என்று பிஃபோர் ஆஃப்டர் ரீல் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பெண்ணின் முகத்தைக் குறையாகக் காட்டி நம் திறமையை விற்கிறோம். அதே நிறத்தில் பிறந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ரீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்கழி வந்தால் கல்யாணங்கள் இருக்காது, கையில் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்போது உங்கள் பிரீசெட்டைத் திறந்து ஆரஞ்சு, மஞ்சள் இரண்டின் லூமினன்ஸும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். போன முகூர்த்தத்தில் முடித்த ஆல்பம் ஒன்றின் ரா ஃபைலை எடுத்து, குளோசப் ஒன்றை மட்டும் ஹீலிங் பிரஷ்ஷோடு மறுபடி செய்து, பழையதையும் புதியதையும் ஒரே தாளில் லேப்பில் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். ஸ்கிரீனில் பார்க்காதீர்கள், பிரிண்டில் பாருங்கள். உங்கள் டிசைனரையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஃபைலை எனக்கு அனுப்புங்கள், லேயரோடு செய்து திருப்பி அனுப்புகிறேன், காசு வேண்டாம். தை முதல் முகூர்த்தத்துக்குள் எத்தனை பேருக்குச் செய்து தர முடியுமோ அத்தனை பேருக்கும் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு ரீடச்சர்